கொடுத்ததைச் சொல்லிக்காட்டிவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். என் கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். அவருடைய தங்கை, என் நாத்தனார், கணவரை இழந்தவர். ஒரே மகன், இன்ஜினியரிங் படிக்கிறான். ஆறு வருடமாக அவர்கள் வீட்டு வாடகையும் பையனின் படிப்பும் எங்கள் ஜகாத்திலும் (கடமையான தர்மம்), அதற்கு மேல் நாங்கள் விருப்பமாகக் கொடுக்கும் சதக்காவிலும்தான் நடக்கின்றன. மாமனார் மவுத்தாகி எட்டு வருடம் ஆகிறது. மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். மாமனாரின் வீட்டையும் பஜாரில் இருக்கும் கடைகளையும் இப்போதுதான் பிரிக்கப் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் நாத்தனார் எங்களுக்கு எதிராக, என் கணவரின் அண்ணன் பக்கம் பேசிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு நிக்காஹ் வீட்டில், சாப்பாடு முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, "உன் மகன் காலில் கிடக்கிற ஷூ வரைக்கும் எங்க காசு. அந்த நன்றிகூட இல்ல" என்று சொல்லிவிட்டேன். பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். இரண்டு நாள் கழித்து, கல்லூரிக் கட்டணத்துக்காக நாங்கள் அனுப்பிய 25,000 ரூபாயைப் பையன் அப்படியே ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டான். "மாமி, இனி வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி.

என் ஆறு வருட தர்மம் மொத்தமும் அழிந்துவிட்டதா? கொடுக்கும்போதே எனக்குள் ஒரு பெருமை வந்துகொண்டுதான் இருந்தது. இஹ்லாஸ் (தூய எண்ணம்) இல்லாமல் கொடுப்பதைவிட நிறுத்திவிடலாமா? என் கணவர், "சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் இதுதான் மிச்சம், எல்லாவற்றையும் ஜமாஅத் பைத்துல்மாலில் (பொது நிதியில்) கட்டிவிடலாம்" என்கிறார். அங்கேயும் மளிகைக் கிட் கொடுப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். ரமலான் 27ஆம் இரவு எங்கள் வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சேலையும் பணமும் கொடுப்பது மாமனார் காலத்துப் பழக்கம். அதைத் தொடரலாமா? ஊர், பெயர் வேண்டாம் ஹஜ்ரத்.

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி.

கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கும். அதனால் பணத்தின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மனசின் கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

நாத்தனாருக்கும் அவர் மகனுக்கும் ஜகாத் கொடுத்தது சரிதான். ஒருவர் தன் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், அதுபோலவே பாட்டன் பாட்டிக்கும் பேரப் பிள்ளைகளுக்கும், மனைவிக்கும்தான் தன் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. உடன்பிறந்தவரும் அவர் பிள்ளைகளும் தேவையுள்ளவர்களாக இருந்தால் ஹனஃபி மத்ஹபிலும் (சட்டவழியிலும்) கொடுக்கலாம், ஷாஃபி மத்ஹபிலும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்து, அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த ஜகாத் சேர்ந்ததுதான். பின்னால் நீங்கள் பேசிய பேச்சுக்காக ஆறு வருடக் கணக்கையும் மறுபடி கூட்டி இன்னொரு தடவை கொடுக்க வேண்டியதில்லை. கடமை இறங்கிவிட்டது. ஆபத்தில் இருப்பது அதன் நன்மை.

அந்த 25,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் கிடந்தாலும் அதை உங்களுடையதாக எண்ண வேண்டாம். உமர் (ரலி) அவர்கள் ஒரு குதிரையை அல்லாஹ்வின் பாதையில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைச் சரியாகப் பராமரிக்கவில்லை. மலிவாக விற்றுவிடுவார் போலத் தெரிந்தது. காசு கொடுத்தே திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று உமர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள், ஒரு திர்ஹமுக்குக் கொடுத்தாலும் வாங்காதீர் என்று தடுத்தார்கள். தர்மம் கொடுத்ததைத் திரும்ப எடுப்பவர், வாந்தியெடுத்ததைத் தானே தின்னும் நாயைப் போன்றவர் என்றும் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கும் செய்தி இது. விலை கொடுத்து வாங்குவதற்கே இந்தக் கண்டிப்பு என்றால், கோபத்தில் திருப்பி எறிந்ததைச் "சரி, வந்தது வரவு" என்று வைத்துக்கொள்ள முடியுமா? தனியாக எடுத்து வையுங்கள். எப்படித் திரும்பக் கொடுப்பது என்று கீழே சொல்கிறேன்.

இப்போது மனசின் கணக்கு. நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் கொடுக்கும் நேரத்து நிய்யத்தை (எண்ணத்தை) பற்றி: பெருமை வந்தது, இஹ்லாஸ் இருந்ததா இல்லையா என்று. முகஸ்துதி (பிறர் மெச்சச் செய்வது) லேசான விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் மெச்ச வேண்டும் என்றே வாரி வழங்கியவர் மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவர் என்று முஸ்லிமில் நீளமான ஹதீஸ் ஒன்று இருக்கிறது. ஆனால் குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமான அல்பகராவில் தர்மத்தைப் பற்றி வரிசையாக வரும் வசனங்களைத் திறந்து பாருங்கள். 262ஆம் வசனம் கொடுத்து முடித்ததற்குப் பிந்திய காலத்தைப் பற்றிப் பேசுகிறது. செலவு செய்துவிட்டு, அதன் பின்னாலேயே சொல்லிக்காட்டுவதையும் நோவினையையும் அனுப்பாதவர்களுக்குத்தான் இறைவனிடம் கூலி இருக்கிறது. அடுத்த வசனம் இன்னும் ஒரு படி போகிறது: நோவினை பின்தொடரும் தர்மத்தைவிட ஒரு நல்ல வார்த்தையும் மன்னிப்பும் மேல். அதற்கும் அடுத்ததில்தான் அந்தப் பாறை வருகிறது. வழுக்குப் பாறை மேல் கொஞ்சம் மண் படிந்திருக்கிறது, பெரிய மழை விழுகிறது, பாறை மொட்டையாக நிற்கிறது. ஊருக்குக் காட்டக் கொடுப்பவனுக்குச் சொன்ன உவமை அது. சொல்லிக்காட்டுபவரையும் அல்லாஹ் அதே வசனத்தில் அவனோடு சேர்த்து வைத்திருக்கிறான்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆறு வருடம் முன்பு கொடுக்கும்போது மனசில் ஓடியது என்ன என்று தோண்டிக்கொண்டிருப்பதால் இப்போது ஒரு பயனும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். போன மாதம் நிக்காஹ் வீட்டில் நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது, கையைப் போட்டுச் சரிசெய்யவும் முடியும். தவ்பாவின் (பாவமன்னிப்பின்) வாசல் திறந்திருக்கும்போது, அழிந்துவிட்டதா என்று ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

ஆனாலும் அந்த வார்த்தை திடீரென்று வாயில் முளைத்தது அல்ல. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இதற்கு ஒரு சோதனை சொல்லியிருக்கிறார். நீங்கள் தர்மம் கொடுத்த ஆள் உங்களுக்கு ஒரு தவறு செய்கிறார், அல்லது உங்களுக்கு ஆகாதவரோடு சேர்ந்துகொள்கிறார் என்று வையுங்கள். கொடுப்பதற்கு முன்னால் அவர் அதையே செய்திருந்தால் எவ்வளவு கோபம் வந்திருக்குமோ, அதைவிடக் கூடுதலாக இப்போது வருகிறதா? வந்தால், அந்தக் கூடுதல் கோபம்தான் சொல்லிக்காட்டும் குணத்தின் கறை. வாயைத் திறக்காவிட்டாலும் கறை கறைதான்.

உங்கள் கடிதத்தில் இது அப்படியே இருக்கிறது. சொத்துப் பேச்சில் யார் எதிர்ப்பக்கம் நின்றாலும் வருத்தம் வரும், அது மனித இயல்பு. கணவரின் அண்ணனும் எதிர்ப்பக்கம்தான் நின்றார். அவரை நிக்காஹ் வீட்டில் வைத்து நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் மட்டும் "இவளுமா?" என்று வந்தது. நீங்கள் கொடுத்த வாடகையும் கட்டணமும் அவருடைய வாயையும் வாங்கிவிட்டதாக மனசுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. கொடுக்கும் எல்லோருக்கும் வரும். சலாம் சொல்ல வேண்டும், விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும், நம் பேச்சை மறுக்கக் கூடாது என்று பட்டியல் நீளும். துஆவைக்கூட எதிர்பார்க்கக் கூடாது என்பதில் முன்னோர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்றால், அன்னை ஆயிஷா (ரலி) ஏழைகளுக்கு எதையாவது அனுப்பினால், அவர்கள் என்ன துஆ செய்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்வார்களாம். அதே துஆவை அவர்களுக்குத் திருப்பிச் செய்வார்களாம். துஆவுக்குத் துஆ சரியாகிவிட்டது, தர்மம் கூலி வாங்காமல் அப்படியே நிற்கிறது.

உதவி வாங்கியவர் நமக்கு எதிராகத் திரும்பினால் என்ன செய்வது என்பதற்குக் குர்ஆனிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. மிஸ்தஹ் என்பவர் அபூபக்கர் (ரலி) அவர்களின் உறவுக்காரர். ஏழை, மக்காவை விட்டு ஹிஜ்ரத் வந்தவர், பத்ருப் போரில் கலந்துகொண்டவர். அபூபக்கரின் பணத்தில்தான் அவருக்குச் சாப்பாடு. அந்த மிஸ்தஹ், அபூபக்கரின் மகளான ஆயிஷா (ரலி) மீது பழி கட்டப்பட்டபோது அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் ஒருவராக இருந்தார். சொத்துத் தகராறில் பக்கம் மாறியது போன்ற சமாச்சாரமா இது? பெற்ற மகளின் மானம். இனி இவனுக்கு ஒரு காசு கொடுக்கமாட்டேன் என்று அபூபக்கர் சத்தியம் செய்ததை யார்தான் தப்பு சொல்வார்கள்? ஆனால் வசனம் இறங்கியது (24:22). வசதி உள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் ஹிஜ்ரத் வந்தவருக்கும் கொடுக்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னிக்கட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று. விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு அபூபக்கர் பழையபடி கொடுக்க ஆரம்பித்தார்கள். இனி ஒருபோதும் நிறுத்தமாட்டேன் என்றும் சொன்னார்கள். மிஸ்தஹ் முதலில் வந்து காலில் விழட்டும், பிறகு பார்ப்போம் என்ற நிபந்தனை ஏதும் அங்கே இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாத்தனார் வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போங்கள். பழம், பிஸ்கட், பையனுக்குச் சட்டை எதுவும் அன்று வேண்டாம். மன்னிப்போடு ஒரு பொருள் போனால் அது மன்னிப்புக்கு விலை மாதிரி தெரியும். பணப் பேச்சையும் சொத்துப் பேச்சையும் எடுக்க வேண்டாம். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. அல்லாஹ் உங்களுக்கு வச்ச பங்குதான் எங்க கை வழியா வந்தது. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு உரிமை இல்லை" என்று இந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீங்களும் அன்னைக்கு..." என்று நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும், அதை விழுங்கிவிடுங்கள். அவர் உடனே மன்னிக்காவிட்டால் மன்னிக்கும்வரை பொறுங்கள். பத்துப் பேர் கேட்ட பேச்சு என்பதால், அவர்களில் இரண்டு மூன்று பேரிடமாவது, சந்தர்ப்பம் வரும்போது, நான் அப்படிச் சொன்னது தப்பு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூட்டம் கூட்டி அறிவிக்க வேண்டாம், அது நாத்தனாரை இன்னொரு முறை காட்சிப்பொருளாக்கும்.

பையனிடம் தனியாகப் பேசுங்கள். அம்மாவைவிட அவனுக்குத்தான் அடி பலமாக விழுந்திருக்கும். கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு காலையும் அந்த ஷூவின் கயிற்றை அவன் குனிந்து கட்ட வேண்டியிருக்கிறது. பணத்தைத் திருப்பி அனுப்பியதை மரியாதைக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டுத் தொந்தரவு செய்யாதவர்கள், அவர்களின் தன்மானத்தைப் பார்த்து அறியாதவன் வசதிக்காரர் என்று நினைத்துக்கொள்வான் என்று 2:273 சிறப்பித்துச் சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான்.

அவன் உங்கள் கையால் வாங்க மறுத்தால் வேறு கை வழியாகப் போகட்டும். அவன் மதிக்கும் ஓர் ஆசிரியரோ உறவினரோ கொடுக்கலாம். யாருடைய பணம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜகாத் என்றும் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவரின் நிய்யத் போதும், வாங்குபவரிடம் அறிவிப்பது நிபந்தனை இல்லை. ஆனால் "வேறொருவர் கொடுத்தார்" என்று பொய் சொல்ல வைக்காதீர்கள். கடனாக என்றால் வாங்குவேன் என்று அவன் சொன்னால் அதுவும் நல்ல வழிதான். அப்போது அது ஜகாத் பணமாக இருக்கக் கூடாது, ஜகாத்தைக் கடனாகக் கொடுத்தால் கடமை நிறைவேறாது. உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள். வேலை கிடைத்த பிறகு தரட்டும் என்று விடுங்கள், மாதாமாதம் நினைவூட்டாதீர்கள்.

பெருமை வருகிறது, நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கூடாது. மனிதர்களுக்காக ஒரு நல்ல காரியத்தை விடுவதும் முகஸ்துதிதான் என்று முற்காலப் பெரியவர் ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் நிறுத்தினால் உங்கள் மனசு சுத்தமாகிவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நாத்தனார் வீட்டு வாடகை நிற்கும் என்பது மட்டும் நிச்சயம். உங்கள் மனநோய்க்கு அடுத்தவர் பட்டினி மருந்தாகுமா? அப்புறம், கேட்காமலே யாராவது பாராட்டி, அது காதில் விழுந்து சந்தோஷப்பட்டால் அதுவும் முகஸ்துதியோ என்று குழம்ப வேண்டாம். நல்லது செய்தவரை மக்கள் புகழ்வது பற்றிக் கேட்கப்பட்டபோது, அது மூமினுக்கு (இறைநம்பிக்கையாளருக்கு) முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று நபி (ஸல்) சொன்னார்கள்.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். பைத்துல்மாலில் கட்டுவது நல்ல காரியம். யார் கொடுத்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது, யாருக்குப் போனது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. சொல்லிக்காட்ட வழியே இல்லை. ஆனால் "சொந்தம் என்றால் தலைவலி" என்று நழுவுவதற்காக அங்கே போகாதீர்கள். ஏழைக்குக் கொடுத்தால் அது ஒரு தர்மம், உறவினருக்குக் கொடுத்தால் தர்மமும் உறவைச் சேர்ப்பதுமாக இரண்டு என்பது நபிமொழி. மனசில் பகை வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுப்பதுதான் தர்மத்திலேயே சிறந்தது என்றும் வந்திருக்கிறது. அப்படி ஒரு வாய்ப்பு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அதை ரசீது போட்டுக் கட்டிவிட வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஜமாஅத் நிர்வாகிகள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும்: வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள், படம் போட்டால் இன்னும் நாலு பேர் கொடுக்கிறார்கள். இரண்டாவது காரணத்துக்கு மார்க்கத்திலும் இடம் இருக்கிறது. வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் மேல் என்று 2:271 சொல்கிறது. முளர் கூட்டத்தார் கிழிந்த கம்பளித் துணியைப் போர்த்திக்கொண்டு மதீனாவுக்கு வந்து நின்றபோது நபி (ஸல்) அவர்களின் முகமே மாறிவிட்டது. தொழுகை முடிந்து எல்லோரையும் தர்மம் செய்யச் சொன்னார்கள். அன்சாரி (மதீனாவாசி) ஒருவர் கையில் தூக்க முடியாத அளவுக்கு ஒரு பையைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் கொண்டுவர, உணவும் துணியுமாக இரண்டு குவியல் சேர்ந்தது. அப்போதுதான் நபியவர்கள், நல்ல வழியை ஒருவர் தொடங்கி வைத்தால் பின்பற்றியவர்களின் கூலியும் அவருக்கு உண்டு என்றார்கள். அங்கே எல்லோர் கண்ணிலும் பட்டது கொடுத்தவரின் பை. கிழிந்த துணிக்காரர்களை வரிசையாக நிறுத்தி, பையைப் பிடித்தபடி இப்படித் திரும்பு என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே அரிசி மூட்டை அடுக்கியிருப்பதைப் படம் எடுங்கள், கடை பில்லைப் போடுங்கள், எத்தனை குடும்பம், எவ்வளவு பணம் என்று கணக்கு போடுங்கள், தணிக்கைக்குக் கொடுங்கள். வாங்குபவரின் முகம் வேண்டாம். அந்தக் குழுவில் அவருடைய சம்பந்தி இருப்பார், பள்ளிக்கூடத்தில் அவர் மகளோடு படிக்கும் பெண்ணின் அத்தா இருப்பார். படத்துக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் 2:273 சொல்லும் ஆட்கள்தான். படம் எடுக்கிற பைத்துல்மால், முதலில் தேடிப்போக வேண்டிய ஆளைத்தான் முதலில் இழக்கிறது. உங்கள் பணம் அங்கே போகிறது என்றால் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, உங்கள் கணவரே நிர்வாகியிடம் பேசட்டும்.

27ஆம் இரவு வரிசையை நிறுத்திவிடுங்கள். மாமனார் நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியிருப்பார், அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். ஆனால் கூட்டம் சேர்த்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடிந்த கதை ஒன்றிரண்டு அல்ல. 2008 ரமலானில் இந்தோனேசியாவின் பாசுருவானில் ஒரு செல்வந்தர் வீட்டில் ஜகாத் கொடுத்தபோது நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். ஆளுக்குக் கிடைக்க இருந்தது 30,000 ருபியா, நம் பணத்தில் அன்று சுமார் 150 ரூபாய். 2020 மே மாதம், நோன்பு முடியப்போகும் நேரத்தில், கொழும்பு மாளிகாவத்தையில் பணம் கொடுத்த இடத்தில் மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்தார்கள். கொடுத்தவர்கள் யாரும் கொல்ல நினைக்கவில்லை. ஒரே இடம், ஒரே நேரம், வாய்மொழியாகப் பரவிய சேதி, எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கில்லாத கதவு, இவ்வளவு போதும். உங்கள் தெருவில் அவ்வளவு கூட்டம் வராது என்பீர்கள். வராவிட்டாலும், பகலெல்லாம் நோன்பு பிடித்துவிட்டு இரவில் உங்கள் கேட்டுக்கு முன்னால் வயதான பெண்கள் காத்துக்கிடப்பதில் என்ன நன்மை இருக்கிறது? பட்டியல் உங்களிடம் இருக்கும். ரமலானின் முதல் பத்திலேயே வீடு வீடாகக் கொடுத்தனுப்புங்கள். வங்கிக் கணக்கு இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

சேலையையும் விட்டுவிடலாம். ஜகாத் சேலை என்று தனியாக ஒரு ரகம் விற்கிறார்கள். அதை நீங்கள் பெருநாளைக்கு உடுத்துவீர்களா? உங்களுக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்ற பொருளை அடுத்தவருக்குக் கொடுக்க நாடாதீர்கள் என்று 2:267 சொல்கிறது. போதாததற்கு ஷாஃபி மத்ஹபில் பணத்தின் ஜகாத்தைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும். ஹனஃபியில் பொருளாகவும் கொடுக்கலாம். பணமாகக் கொடுத்தால் இரண்டு மத்ஹபிலும் பிரச்சினை இல்லை, வாங்குபவர் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார். இந்தப் பேச்சோடு ஒன்று: வீட்டு வேலைக்கு வருபவரிடம் பெருநாளுக்கு முன் கூடுதலாக வேலை வாங்கிவிட்டு, "ஜகாத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கூலி கூலிதான். அதை ஜகாத்தில் கழிக்க முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிறுத்தியது அந்த ஷூ வரி அல்ல. மாமனார் மவுத்தாகி எட்டு வருடம், சொத்து இப்போதுதான் பிரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மாமியார் முன்பே இறந்துவிட்டதால், வாரிசுகள் இரண்டு மகன்களும் ஒரு மகளும் மட்டும் என்றால், கடனும் வஸிய்யத்தும் (மரண சாசனமும்) போக மிச்சத்தை ஐந்தாகப் பிரித்து மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு உங்கள் நாத்தனாருடையது. மாமனார் கண்மூடிய அன்றே அவருடையதாகிவிட்டது, பத்திரம் பிரிக்கிற அன்றைக்கு அல்ல. பஜார் கடைகளுக்கு எட்டு வருடமாக வாடகை வந்திருக்குமே, அதில் ஐந்தில் ஒன்று அவர் கைக்குப் போனதா?

போயிருந்தால் அல்ஹம்துலில்லாஹ், நான் கேட்டதை மறந்துவிடுங்கள். போகவில்லை என்றால் அது அண்ணன் தம்பி இருவர் மீதும் அவருக்கு நிற்கும் கடன். வாடகையை யார் யார் எடுத்துக்கொண்டார்களோ அவரவர் எடுத்த அளவுக்குப் பொறுப்பு. கொடுத்த ஜகாத்தை அந்தக் கடனில் கழிக்க முடியாது. ஜகாத் என்று நிய்யத் வைத்துக் கொடுத்தது ஜகாத்தாகவே போய்விட்டது, கடன் அப்படியே நிற்கிறது. "இத்தனை வருடம் நாங்கள்தானே பார்த்தோம், பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடு" என்று யாராவது அவரிடம் சொன்னால் அது எதிர்ப்பக்கத்துப் பேச்சாக இருந்தாலும் சரி, உங்கள் பக்கத்துப் பேச்சாக இருந்தாலும் சரி, தடுத்துவிடுங்கள். அவர் அண்ணன் பக்கம் ஏன் பேசினார் என்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கலாம். சொத்தைப் பற்றி உடன்பிறந்தவர்களில் ஒருவராக அவர் பேசினார். உதவி வாங்குகிறவர் பேசியதாக உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

கடை வாடகைக் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் உங்கள் கணவரே கேட்டு வாங்கட்டும். மாமனார் இறந்த தேதியிலிருந்து, கடை வாரியாக, எவ்வளவு வந்தது, வரி, ரிப்பேர் எவ்வளவு போனது, யார் எடுத்தது என்று எழுதி, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டுங்கள். ரமலானுக்கு முன் இதை முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இந்த வருட ஜகாத் கணக்கே மாறக்கூடும். நாத்தனாரின் பங்கும் பாக்கி வாடகையும் அவர் கைக்கு வந்துவிட்டால், அவர் ஜகாத் வாங்கத் தகுதியானவராக இல்லாமல் போகலாம். பணம் கையிருப்பாக ஒரு வருடம் நின்றால் அவரே நூற்றுக்கு இரண்டரை எடுத்து வைக்க வேண்டியும் வரலாம்.